இத்தாலிக்காரனும் ஜெர்மன்காரனும்

வருகிற திங்கட்கிழமை நாச்சிமுத்துவுக்கு இடுப்பு மாற்று ஆபரேஷன். அதன்பிறகு தரையை ஒட்டிய சீட்டில் உட்காரவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுபத்தொரு வயதுக்காரர் தன் இரண்டு கார்களையும் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுவரச் சொன்னார். சிவப்பு இத்தாலியக் கார் ஒன்று, வெள்ளி நிற ஜெர்மன் கார் ஒன்று. இரண்டையும் போல இந்த நாட்டில் வேறு கார் கிடையாது.

"கடைசியா எதை ஓட்டட்டும், அம்மிணி?" என்று ஜெசிந்தாவைக் கேட்டார். பதினெட்டு வருடமாக இரண்டுக்கும் அவள்தான் மெக்கானிக்.

"ஜெர்மன்காரன் உங்களைத் தப்புப் பண்ண விடமாட்டானுங்க. இத்தாலிக்காரன் நீங்க பண்ற தப்புல அவனும் சேந்துக்குவான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெள்ளிக் காரின் சாவியை அவளிடமே நீட்டினார். "ரெண்டே சுத்து. எனக்காக விட்டுக்குடுத்தீன்னா அப்புறம் என் மூஞ்சில முழிக்காதே."

ஷெட் வாசலைத் தாண்டி அவள் அதை ஓட்டியதே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டாள். "முந்திருவேனுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்புக் காருக்குள் இறங்கினார். அவள் கைகொடுக்கவில்லை, அது அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சீறின. முதல் வளைவில் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வந்தது. நாச்சிமுத்து திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வேகத்தைக் குறைக்கிற மாதிரித் தெரியவில்லை. அவரும் குறைக்கவில்லை.