நூறு கே கேட்ட அணைக்கட்டு

"என் மெமரியில எவன் கை வச்சது?"

பேராசிரியர் கணேசமூர்த்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார். அடையாறு ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் அறை அது. அங்கே செருப்போடு நுழைவது கர்ப்பக்கிருகத்தில் சைக்கிள் விடுகிற மாதிரி.

"எவனும் இல்லை சார். நான்தான்" என்றாள் ஜானு.

கம்ப்யூட்டரின் உள்வேலைகளை மேய்க்கிற உத்தியோகம் அவளுக்கு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும் கையெழுத்து கணேசமூர்த்தியுடையது.

"ப்ரோகிராமோட குடுத்த கார்டுல நான் எவ்வளவு இடம் கேட்டேன்?"

"நூறு கே."

"மெஷின்ல இருக்கறது?"

"கெர்னல் எடுத்துண்டது போக, நூறு கே."

கெர்னல் என்றால், மெஷினுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு எந்த ப்ரோகிராமுக்கு எவ்வளவு இடம் என்று தீர்மானிக்கிற பெரிய ப்ரோகிராம். கே என்பது அந்த மெமரி இடத்தை அளக்கிற படி.

"அப்போ மொத்தமும் எனக்குத்தானே? மெஷின் அடிச்ச பேப்பர்லயும் நூறு குடுத்ததா இருக்கு. ஆனா என்னோடது ஓடறப்பவே ஆறு பசங்களோட ப்ரோகிராமும் ஓடியிருக்கு. ஹௌ?"

பேராசிரியருக்குச் சாதாரணக் கோபம் இங்கிலீஷில் வரும். அசல் கோபம் திருநெல்வேலியில் வரும். வந்தது.

"யார்ட்ட வெளாடுத? நாளைக்கு ஒன் ஃபைலு எம் மேசைக்கு வருது, தெரியும்லா?"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மாணவர்கள் மூக்கு சப்பையாகும்படி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பேச்சு கேட்காது, முகம் தெரியும்.

ப்ரோகிராமைத் துளை துளையாகப் போட்ட கார்டுகளை வாங்கி மெஷினுக்கு ஊட்டுகிற ஆபரேட்டர் மெஹபூப் பாஷாவுக்குப் பொறுக்கவில்லை.

"கோச்சுக்காதீங்கோ சார். தி.நகர்ல மண்டபம் முழுசா புக் பண்ணிட்டு, உள்ள மூணே பேரு குந்திகினு துன்னா நல்லாவா கீது? வெளிய அவ்ளோ பசங்க பசியில நிக்கிறானுங்கோ..."

"யாருய்யா மூணு பேரு? அணைக்கட்டுக்குக் கணக்குப் போடற என் ப்ரோகிராமா?"

"பாஷா பாய், நீங்க சும்மா இருங்கோ" என்ற ஜானு, குரலை இறக்கினாள். "பன்னெண்டு, சார்."

"என்ன பன்னெண்டு?"

"உங்க அணைக்கட்டுக்கு வேண்டிய இடம். பன்னெண்டு கே."

கணேசமூர்த்தி கையிலிருந்த பேப்பரை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏத்தறச்சேயே ப்ரோகிராம் எவ்வளவு பெரிசுன்னு மெஷினுக்குத் தெரியும் சார். கார்டை நம்பாதே, நீயே அளந்து வேண்டியதை மட்டும் குடு, மிச்சத்துல சின்னதையெல்லாம் உக்காத்தி வைன்னு கெர்னலை மாத்தி எழுதிட்டேன். முன்னெல்லாம் அஞ்சு கார்டு ப்ரோகிராமைக் குடுத்துட்டு வாரம் பூரா காத்துண்டிருப்பா. இப்போ காபி சாப்ட்டுட்டு வரதுக்குள்ள விடை வந்துடறது."

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. பரிசு வாங்க மேடையேறுகிற குரல்.

"அப்புறம் ஏன் நூறுன்னு அடிச்சே? பேப்பர் பொய் சொல்லலாமா?"

"இங்க யாரும் தன்னோடது சின்னதுன்னு ஒத்துக்க மாட்டேங்கறா சார். கௌரவத்துக்காக எல்லாரும் நூறுதான் எழுதறா. பேப்பரை நாலு பேர் பாக்கறாளே, கேட்டதே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

கணேசமூர்த்தி கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். சப்பை மூக்குகள் இன்னும் அங்கேயே இருந்தன.

"வெளியில யார்ட்டயாவது..."

"சொல்லலை, சார். சொல்லவும் மாட்டேன்."

சடாரென்று திரும்பிப் போய்விட்டார்.

"பூட்ச்சு. ஜானும்மா வேலை காலி" என்றார் பாஷா.

"போனா போகட்டும். கெர்னலைத் திரும்பப் பழையபடி மாத்த மாட்டேன்" என்றாள் ஜானு. சொல்லிவிட்டாளே தவிர, மயிலாப்பூர் போகிற பஸ்ஸில் ஸ்டாப்பைத் தவறவிட்டாள்.

மறுநாள் டெல்லியிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. முன்னால் கணேசமூர்த்தி. இந்தத் தடவை செருப்பு வெளியே.

"மீட் அவர் ஜானு! வெளிநாட்டுக்காரன் எழுதின கெர்னலை இந்த அடையாறுல உக்காந்து திருத்தியிருக்கா. இப்போ ஒரே நேரத்துல ஏழு ப்ரோகிராம் ஓடுது. எங்க பொண்ணு சார்!" நெஞ்சு நிமிர்ந்தது. "ஆனா ஒண்ணு, ப்ரோகிராமைச் சிக்கனமா எழுதத் தெரியணும். பெரிசா எழுத யாராலயும் முடியும். என் அணைக்கட்டே வெறும் பன்னெண்டு கே!"

அன்று சாயங்காலமே ஃபைலில் கையெழுத்தானது.

அதோடு நிலையத்தின் கௌரவம் தலைகீழாகிவிட்டது. நூறு எழுதினவர்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு பத்து, எட்டு, ஆறு என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒருநாள் கணேசமூர்த்தியின் கார்டில் நாலு.

பாஷா பதறினார். "ஜானும்மா, அணைக்கட்டு நாலுல எப்டி அடங்கும்? பாதியில பூட்டுகினு நின்னுடுமே!"

"நீங்க போடுங்கோ பாய்."

போட்டார். ஓடியது. கேட்டது நாலு, தந்தது நாலு என்று பேப்பர் வந்தது. கணேசமூர்த்தியே வந்து வாங்கி, கண்ணாடிச் சுவருக்கு நேரே மாணவர்களிடம் உயர்த்திக் காட்டினார். "நாலு" என்று விரலையும் நீட்டினார். ஜானு கைதட்டினாள்.

அவர் தலை மறைந்ததும் பாஷா கிட்டே வந்தார்.

"நெஜமா எவ்ளோ குட்த்தே?"

"பதினாறு" என்றாள் ஜானு. "இந்த வாரம் அணைக்கு ரெண்டு மதகு சேர்த்திருக்கார், பாவம்."