பெருமூச்சு

தணிகாசலத்தின் மூக்கில் காற்று உள்ளே போகும், வெளியே வராது. வாயைத் திறந்துதான் விட வேண்டும். கேட்பவர்களுக்கு அது பெருமூச்சு. மனைவி அமிர்தவல்லி இறந்த மறுவாரம் தொடங்கியதால் யாரும் காரணம் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவருக்கோ இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அவளை நினைத்துப் பார்த்தால் எதுவும் உறைக்கவில்லை.

"மூக்குக்குப் பின்னால ஒரு சதை தொங்குது. மூச்ச இழுத்தா ஒதுங்குது, விட்டா வந்து அடைச்சிக்குது. சின்ன ஆபரேஷன்தான். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அவர் வீடு திரும்பியபோது மகள் வளர்மதி அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா போனப்ப நீங்க அழவே இல்லன்னு உங்கமேல கோவமா இருந்தேம்ப்பா. நீங்க இப்படி மூச்சு விடுறதக் கேட்டப்புறம்தான் மனசு ஆறுச்சு."

அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த டாக்டர் சீட்டை உள்ளே தள்ளிக்கொண்டார்.

"காலைலயே எங்கப்பா போயிட்டீங்க?"

"சும்மா, பார்க் வரைக்கும்."

பிறகு, வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக இன்னொரு மூச்சை விட்டார். வளர்மதி புடவையை வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. அது மட்டும் அவருக்குத் தெரிந்தது.