துரை நலம்

"துரை புழுக்கை போட்டாரா?"

போனில் வணக்கம், சௌக்கியமா எல்லாம் மாமியாரிடம் கிடையாது. நேரே முயலின் வயிற்றுக்குத்தான் வருவார்.

"போட்டாரு அத்தை."

"எப்படி?"

"உருண்டையா, கெட்டியா."

"புல்லு?"

"வச்சது பூரா காலி."

"நீங்க?"

"பிரெட்டு தின்னேன்."

"தின்னேனா? துரைகூட இருந்து இருந்து பேச்சும் அப்படியே ஆயிடுச்சு. மனுஷங்க சாப்பிட்டேன்னு சொல்லுவாங்க, மாப்ள."

அவனுடைய காலைகள் ஒரே வரிசையில் நடந்தன. பால் காய்ச்சுவான். பால்கனிக் கூண்டில் தண்ணீர் மாற்றுவான். அத்தை கேட்பாரே என்பதற்காக நின்றுகொண்டே இரண்டு துண்டு பிரெட்டை மென்று விழுங்குவான். போன் வரும். பேசுவான். பிறகு ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டரோடுதான் வேலை, வாய்க்கு வேலையில்லை. மறுநாள் அத்தை கூப்பிடும்வரை அவன் குரல் அவன் காதிலேயே விழாது.

இதில் ஒரே கோளாறு, கூண்டில் துரை இல்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்தது அது. காலையில் கேரட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் துரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மதியம் வயிறு கல்லாக உப்பியிருந்தது. போனில் அவளிடமும் சொன்னான். "முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும் சார். நின்னா நின்னதுதான்" என்று சொல்லிக்கொண்டே கால்நடை டாக்டர் ஊசி போட்டார். பொழுது சாய்வதற்குள் அவன் மடியிலேயே விறைத்துப்போனது.

கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தலையணையிலிருந்து எழ முடியாமல் அவள் கேட்டாள். "துரை எப்படி இருக்காரு?"

"சரியாயிட்டாரு. கிளம்பும்போதுதான் பாத்தேன், உருண்டை உருண்டையா புழுக்கை."

பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

சில நாளில் அவளும் போய்விட்டாள். மகள் விட்டுப்போன உயிர் என்று அத்தை முயலைப் பிடித்துக்கொண்டார். பொய்யை எந்தக் காலையில் நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் அந்த அம்மாள் உடைந்துபோவார். போனும் நின்றுபோகும்.

"கேக்குதா மாப்ள? இன்னிக்கு அங்க வர்றேன். துரையைக் கண்ணால பாக்கணும்போல இருக்கு."

"இன்னிக்கா?"

"ஏன், துரைக்கு வேற வேலை இருக்கா?"

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பிராணிகள் விற்கும் கடைக்கு ஓடினான்.

"வெள்ளை முயல் வேணும். இடது காது மட்டும் சாம்பல்."

"வலது காது சாம்பல்தான் சார் இருக்கு. திருப்பி உக்கார வச்சா இடதாயிடும்." கடைக்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். "ஜோடியா எடுத்துக்குங்க. ஒத்தையில விட்டா ஏங்கிப்போய் இரை எடுக்காது."

"ஒண்ணு போதும்."

"வீட்ல பகல்ல ஆள் இருக்காங்களா?"

அவன் பணத்தைக் கொடுத்து அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டான்.

வந்த அத்தை பால்கனிக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் நுழைந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒரு முட்டையையும் அரைப் பாக்கெட் பிரெட்டையும் பார்த்தார். மூடினார். அதற்கப்புறம்தான் கூண்டு.

முயலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார்.

"துரை சின்னப் பையனாயிட்டாரே, மாப்ள."

"உடம்புக்கு வந்ததுல இளைச்சுட்டாரு, அத்தை."

"உடம்பு இளைக்கும். வயசுமா இளைக்கும்?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை... துரை செத்துப்போச்சு. அவ இருக்கும்போதே. நான்தான் உங்களை..."

"தெரியும்."

"தெரியுமா?"

"அவளுக்கே தெரியும். வயிறு நின்னுபோன முயல் தேறினாலும் முதல்ல புழுக்கை சின்னதா, மிளகு மிளகாத்தான் போடுமாம், முடியில கோத்த மாதிரி. நீங்க அன்னிக்கே உருண்டை உருண்டையான்னு அளந்தீங்க. நீங்க வெளிய போனதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. ரொம்ப நேரம் அழுதா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"அவ்வளவு கஷ்டப்பட்டு பொய் சொல்ற மனுஷனை என்னன்னு கேப்பா?"

முயல் அத்தையின் புடவை முனையை மோந்தது. அவர் அதை மெல்ல விலக்கிவிட்டார்.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு அத்தை தினமும் போன் பண்ணீங்க?"

"அவதான் பண்ணச் சொன்னா."

"எப்ப?"

"கடைசியா."

"கடைசியா தண்ணிதானே கேட்டா? நர்ஸ் சொன்னாங்களே."

"கேட்டா. ரெண்டு வாய் குடிச்சா. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா." அத்தை அவனைப் பார்க்காமல் முயலைப் பார்த்தபடியே சொன்னார். "'நான் போயிட்டா அவரு வாயே திறக்க மாட்டாரும்மா. தினமும் காலையில போன் பண்ணு. துரை நல்லாருக்காருன்னு சொல்லுவாரு. நீ ஏமாந்துக்கிட்டே இரு.'"