மணல் சுமந்த பாரம்

கொல்லையில் பீட்சா அடுப்பு கட்ட வந்த கொத்தனார், முதலில் ஈரமணலைக் குவித்து, கவிழ்த்த சட்டி மாதிரி தட்டி உருட்டினார். அதன்மேல் நனைத்த செய்தித்தாளைப் போர்த்தி, சுற்றிலும் செங்கல் அடுக்கிப் பூசினார்.

மணலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“ஆடாம அசையாம இருங்க, பிள்ளைங்களா. உங்க பாரம் மொத்தமும் என் தலையிலதான்” என்றது.

ஐந்தாம் நாள் கொத்தனார் அடுப்பின் வாய்க்குள் கையை விட்டு மணலை அள்ளத் தொடங்கினார்.

“என்னை எடுத்துட்டா இதுங்க விழுந்துடுமே” என்று மணல் பதறியது. கடைசிப் பிடியும் வெளியே வந்தது. ஒரு செங்கல்கூட அசையவில்லை.

“கவலைப்படாதீங்க. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டோம்” என்றது உச்சியிலிருந்த செங்கல்.

இன்றைக்கு ஏதோ நின்றுவிட்டது, நெருப்பு வைத்தால் தெரியும் என்று மணல் நினைத்துக்கொண்டது.

நெருப்பும் வைத்தார்கள். மாவு உப்பி, சீஸ் உருகி, வாசனை கொல்லை முழுக்கப் பரவியது.

மதிலோரம் குவிந்து கிடந்த மணல்மேல் பூனை ஒன்று ஏறிப் படுத்தது.

“ஒரே சரிவா இருக்கு, உருண்டு உருண்டு விழறேன். கொஞ்சம் தளர்ந்து கொடேன்” என்றது பூனை.

“அது மட்டும் முடியாது” என்றது மணல், முதுகை இன்னும் உயர்த்திக்கொண்டு. “நான் தளர்ந்தா அங்கே அடுப்பு விழுந்துடும்.”