நீலப் பட்டன்

“மாசம் முந்நூறு ரூபா கைல வருதுன்னா எவடி வேணாங்குவா?” என்றாள் ஷோபா, டிபன் பாக்ஸைத் திறந்தபடியே.

மதிய மணி அடித்திருந்தது. தையல் மிஷின்களை விட்டுவிட்டுத் தாய்மார்கள் ஃபேக்டரியின் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடி வந்திருந்தார்கள். ஒரு கையால் பிள்ளைக்கு ஊட்டி, மறு கையால் தாங்கள் சாப்பிட்டு, அரை மணியில் திரும்பிவிட வேண்டும். இன்று எல்லோருக்கும் ஒரே பேச்சு. காப்பகத்தை மூடிவிட்டு அந்தச் செலவைத் தாய்களிடமே கொடுத்துவிடலாம் என்று ஃபேக்டரி நிர்வாகம் சொல்லியிருந்தது. காப்பகமா, பணமா? மூன்று மணிக்கு ஓட்டு.

“பணத்தை வாங்கிட்டு உம்புள்ளைய எங்கடி விடுவே?” என்றாள் அனந்தலக்ஷ்மி.

“மாமியாகிட்ட. நூறு குடுத்தா பாத்துக்கும்.”

“அதுக்குத்தான் கண்ணே தெரியாதே!”

“நூறு ரூபா நோட்டு மட்டும் நல்லாத் தெரியும்.”

சிரிப்பு எழுந்தது. “ஆயிரத்து நானூறு சம்பளத்துல முந்நூறு சும்மாவா?” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தலையாட்டினாள். பணம் என்று சொல்பவர்களை ஜானகி மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு.

ஜானகி காப்பகத்தின் ஆயா. எட்டு வருடமாக. ஷோபாவின் மகன் யுவன் அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். அம்மா ஊட்டினால் சாப்பிட மாட்டான். ஜானகியின் இடுப்பில் இருந்தால்தான் வாய் திறப்பான்.

“கிரெச்ச மூடினா அக்கா வேலை போயிடும்டி. அதையும் யோசிங்க” என்றாள் அனந்தலக்ஷ்மி.

“என்னைப் பாத்து யாரும் ஓட்டுப் போட வேணாம்” என்றாள் ஜானகி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“யக்காவுக்கு ரோஷத்தப் பாரு!”

யாரோ புடவையை இழுத்தார்கள். தர்ஷினி. நான்கு வயது.

“ஆயா, தூக்கு.”

“இரு கண்ணு. யுவன் சாப்பிட்டு முடிக்கட்டும்.”

தர்ஷினி போய் ஜன்னலுக்குக் கீழே தன் இடத்தில் உட்கார்ந்தாள். தட்டில் இருந்ததைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். அழவில்லை. அவள் அழுவதில்லை.

மணி அடித்தது. மிஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. இனி மாலைவரை இந்த அறையில் ‘அம்மா’ என்ற சொல்லே கேட்கக் கூடாது. ஒரு குழந்தை சொன்னால் போதும், அத்தனைக்கும் நினைப்பு வந்து அழத் தொடங்கிவிடும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் ஜானகிதான்.

மூன்று மணிக்குப் பர்சனல் ஆபீசர் ஜூடித் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். மூலையில் ஒரு துணித்திரை கட்டி, பெட்டியை அதன் பின்னால் வைத்தாள்.

“இங்க பிள்ளை இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு. மொத்தம் இருபத்திமூணு. ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டன், ஒரு நீலப் பட்டன். வெள்ளை போட்டா கிரெச் இருக்கும். நீலம் போட்டா பணம். ஒண்ணப் போட்டுட்டு இன்னொண்ண நீங்களே வெச்சுக்குங்க. கிரெச்ச மூடினா ஜானகிக்கு ஆறு மாசச் சம்பளம் குடுத்துடுவோம்.”

“பேகா, பேகா! சீக்கிரம் வாங்க, அங்க தையல் லைன் நிக்குது” என்று வாசலில் நின்று விரட்டினார் சூப்பர்வைசர் மஞ்சுநாத்.

ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். பட்டன் விழும் சத்தம் ஜானகிக்குக் கேட்டது. வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஒரே சத்தம். யுவன் அவள் தோளில் தூங்கிப்போயிருந்தான். தர்ஷினி ஜன்னலடியில் காலி நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தரை மணிக்கு எல்லோர் முன்னாலும் ஜூடித் பெட்டியைப் பாயில் கவிழ்த்தாள். எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

“இருபத்திரண்டு வெள்ளை. ஒரு நீலம். கிரெச் இருக்கும்.”

கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் ஷோபா பக்கம் திரும்பினார்கள்.

“அந்த ஒண்ணு நீதானேடி?”

“ஐயோ, எம்புள்ள மேல சத்தியமா இல்ல!” முந்தானையிலிருந்து தன் நீலப் பட்டனை எடுத்துக் காட்டினாள் ஷோபா. “இதத்தான் போடணும்னு வந்தேன். பாத்தா என் பையன் யக்கா தோள்ல வாயத் திறந்துட்டுத் தூங்குறான். வீட்ல ஒரு நாளும் அப்படித் தூங்கினதில்ல. முந்நூறு ரூபாய்க்கு அந்தத் தோள் எங்கடி கிடைக்கும்?”

அவள் ஜானகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் வேலையக் காப்பாத்திட்டோம் யக்கா. நாளைக்கு எல்லாருக்கும் மைசூர்பாகு.”

“வாங்கிட்டு வரேன்” என்றாள் ஜானகி. கண் நிறைந்துவிட்டது.

“பாரு, சந்தோஷத்துல அழுவுது!”

ஒவ்வொரு பிள்ளையும் ‘அம்மா’ என்று கத்திக்கொண்டு ஓடியது. யுவனும் போனான். அறை காலியானது. ஜானகி பாய்களைச் சுருட்டி, தொட்டில்களைத் தட்டிக் கட்டி, பால் புட்டிகளைக் கழுவி வைத்தாள். தர்ஷினி செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே காத்து நின்றாள்.

இருவரும் வாட்ச்மேனைத் தாண்டி, பெரிய கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். தர்ஷினி நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“ஆயா, கேட்டு தாண்டியாச்சு. இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?”

ஜானகி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்; அவள் முந்தானை முடிச்சில், பெட்டியில் போடாமல் வைத்துக்கொண்ட வெள்ளைப் பட்டன் இருந்தது.