ஒரு விளக்கு, இரண்டு கூண்டு

விலங்கு மருத்துவமனையில் இருந்த இரண்டு வெப்ப விளக்குகளில் ஒன்று சற்று முன் கருகிவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றோடு நர்ஸ் அறை நடுவே நிற்கிறாள். நோய் தொற்றக்கூடாது என்று கூண்டுகள் எதிரெதிர்க் கோடிகளில் இருக்கின்றன. இடது கோடியில், உள்ளங்கைக்குள் அடங்கும் மார்மோசெட் குரங்கு குளிரில் நடுங்கியபடி கம்பியை உலுக்கி ஊரைக் கூட்டுகிறது. வலது கோடியில், முந்தாநாள் வரை பாடிக்கொண்டிருந்த கேனரிக் குருவி இறகை உப்பவைத்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருக்கிறது. “குரங்குக்கு வைம்மா, என்னமா துடிக்குது பாரு,” என்கிறார் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். “டாக்டர் புது பல்போட வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் குருவி ஜம்முனு உக்காந்திருக்கும்.” “ஜம்முனா? கிட்ட போய் வாலைப் பாருங்கண்ணே.” அவர் போய்க் குனிகிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த மஞ்சள் வால் மேலும் கீழும் ஆடுகிறது. “மூச்சு விடவே திணறுது,” என்கிறாள் அவள். “குரங்கு நம்மள மாதிரி, முடியலன்னா கத்தும். குருவி கீழ விழுற வரைக்கும் காட்டிக்காது. கத்த தெம்பு இருக்கிறவன் தாங்குவான்.”

விளக்கை அவள் வலது கோடிக்குக் கொண்டுபோய்க் குருவியருகே பிடிக்கிறாள். குரங்கின் கீச்சல் காதைக் கிழிக்கிறது. “உன்கிட்டயும் வரேன்டா,” என்று திரும்பாமலே சமாதானம் சொல்கிறாள். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. அந்தக் கத்தலில் அதன் சத்தம் கேட்கவில்லை. கடிகாரத்தில் ஆறு நிமிடம் போகிறது. வாலின் ஆட்டம் மெல்ல அடங்குகிறது. “பொழச்சுக்கும்,” என்கிறார் அண்ணன் பெருமூச்சோடு. அப்போதுதான் அவளுக்கு மழைச் சத்தம் கேட்கிறது. விளக்கின் கைப்பிடியில் விரல்கள் இறுகுகின்றன. இடது கோடியில் கத்தல் நின்றுபோயிருக்கிறது.