மாமனார் நடை

“மாமியார் இல்லாத வீடுன்னு நம்பிக் கொடுத்தேன். உன் மாமனாரே ரெண்டு மாமியாருக்குச் சமமா இருக்காரே” என்று அம்மா போனில் அலுத்துக்கொண்டாள்.

மகள் சொன்ன புகார் அப்படி. நாலு நாளாக அவள் படம் வரைய உட்கார்ந்தால் போதும், மாமனார் அறை வாசலைத் தாண்டி நடக்க ஆரம்பித்துவிடுகிறார். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் பரவாயில்லை. காலையில் இருபது, சாயங்காலம் இருபது.

அதிலும் ஒரு சூது இருப்பதாக அவளுக்குப் பட்டது. ஹாலில் இடது பக்கமிருந்து வருவார், வலது பக்கம் சமையலறைக்குள் போவார். போனவர் அதே வழியில் திரும்பமாட்டார். பின்கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடி இடது பக்கமிருந்தே வந்து சேருவார். அசந்த நேரத்தில் ஆளைப் பிடிக்க நினைப்பவருக்கு இதைவிடத் தோதான வழி ஏது?

எதைப் பிடிக்க வருகிறாராம்? வேறு எதை, கல்யாணமாகி வந்த மருமகள் வேலைவெட்டி இல்லாமல் பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறாளே, அதைத்தான்.

அவளுக்கோ தலைபோகிற அவசரம். கார்ட்டூன் படம் எடுக்கிற பெரிய ஸ்டுடியோ ஒன்று எட்டே எட்டுப் பேரை எடுத்து, ஆறு மாதம் இலவசமாகப் பயிற்சி கொடுத்து, அங்கேயே வேலையும் போட்டுத் தருகிறது. மாலை வகுப்பில் அனிமேஷன் படிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு வருவதே அபூர்வம். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: வயதானவர் ஒருவர் நடந்து போகிற மாதிரி பத்து விநாடிப் படம். அடுத்த திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

இளவட்டங்கள் நடப்பது, ஓடுவது, தாவுவது எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கிழவர்தான் வருவேனா என்று அடம்பிடித்தார். நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடிப் புத்தகத்தில் எலும்புக்கூடு நடந்தது. இணையத்தில் தேடினால் கட்டுமஸ்தான ஆட்களாக நடந்தார்கள். எதைப் பார்த்து வரைந்தாலும் இடுப்பு ஒரு பக்கம் போனது, முட்டி ஒரு பக்கம் போனது. வகுப்பில் கொண்டுபோய்க் காட்டியபோது ஆசிரியர், இது கிழவர் இல்லை, நரைமுடி ஒட்டவைத்த காலேஜ் பையன் என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள்.

இந்த லட்சணத்தில் வாசலில் ரோந்து வேறு.

வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துச் சந்தில் மாமனார் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. நடுநடுவே இருமல் வேறு. தொண்டை சரியில்லாமல் வருகிற இருமல் இல்லை, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்கிற இருமல்.

சாயங்காலம் கணவன் வந்ததும் பொரிந்து தள்ளினாள். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், நாளெல்லாம் மேலேயும் கீழேயும் அலைந்துவிட்டு வந்திருந்தான். அப்பாவுக்கு முட்டி வலி, டாக்டரே அதிகம் நடக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார், எதற்காக நடக்கிறார் என்று தனக்கும் விளங்கவில்லை என்றான். நீயே கேட்டுவிடேன் என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டான். இந்த வீட்டில் யாரிடம் முட்டிக்கொள்வது என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை, பன்னிரண்டாவது சுற்றில் அவள் பொறுமை தீர்ந்துபோனது. வெளியே போய்ச் சந்தை மறித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, நான் வரையறது பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க. இப்படி வேவு பார்க்காதீங்க. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு, என்னால ஒரு கோடுகூட ஒழுங்கா போட முடியல.”

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. முப்பது வருஷம் ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர், ஊர்ப் பெயரையும் சில்லறையையும் தவிர யாரிடமும் அதிகம் பேசிப் பழகாதவர். வார்த்தையைத் தேடிப் பிடிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“வேவு இல்லம்மா. போன சனிக்கிழமை உன் சிநேகிதிகிட்ட போன்ல சொல்லிக்கிட்டிருந்தே. வயசானவர் ஒருத்தர் இடமிருந்து வலமா நடக்கறதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாத்தான் வரைய வரும், மாமாவைக் கேக்கலாம், ஆனா கூச்சமா இருக்குன்னு. நீ கேக்காமலே நான் நடந்துட்டா கூச்சப்பட வேண்டாமேன்னு...”

அவள் திரும்பி, தான் இழுத்துவிட்டிருந்த ஜன்னல் திரையைப் பார்த்தாள்.

“நீ கதவைச் சாத்தினதும், ஜன்னல் வெளிச்சம்தான் உனக்கு வசதி போலன்னு இந்தப் பக்கம் வந்தேன். திரை போட்டப்பதான் ஒண்ணும் புரியல. சரி, இருமினா எட்டிப் பார்ப்பியேன்னு இருமினேன்.”

அவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு வாரமாகக் கண்ணெதிரே போய்வந்த மனுஷரை அவள் முறைத்திருக்கிறாளே தவிர, அவர் நடையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அவள் தலை குனிந்து நிற்பதைப் பார்த்து மாமனாருக்குக் கவலை வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“இவ்வளவு நடந்தும் உனக்குப் படம் வரலைன்னா... நான்தான் சரியா நடக்கலையாம்மா?”